ஏழாம் நம்பர் துண்டு

இந்த பஸ்ஸுக்குள்ள இப்ப என்ன வாடை அடிக்குது கண்ணு? சித்தெ மூக்கை இழுத்துப் பாத்துச் சொல்லு. ஏன் கேக்கறேன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல நீ சொல்லு.

டீசலா. சரி. அப்புறம்? பின்னாடி யாரோ ஆரஞ்சு உரிக்கறாங்களா. சரி. மல்லிகைப்பூவா? நெம்ப அடிக்குதா? தலை வலிக்கற அளவுக்கா? அது என் தலையில இருக்கறதுதான். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு முழம் வாங்கினேன். பூக்காரி அளந்து குடுத்ததும் மூஞ்சியோட வெச்சு அமுக்கி இழுத்தேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. எனக்கு ஒண்ணும் தெரியலை. ஈரத்துணியை மூஞ்சியில வெச்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். ஒருவேளை தலையில வெச்சா சூட்டுக்கு மணக்குமோ என்னமோன்னு வெச்சுக்கிட்டேன். கிணத்துக்கடவு தாண்டிருச்சு. இன்னும் ஒண்ணும் தெரியலை.

ஏழு வருஷமா நான் பூ வெச்சதில்லை. புருஷன் கல்லுக்குண்டாட்டம் இருக்கறாரு, அதுக்கில்லை. வேலைக்கு ஆகாது. பூ கூடாது, பவுடர் கூடாது, காலையில காப்பி கூடாது, வெங்காயம் கூடாது, சோப்புக்கூட வாசம் இல்லாத சோப்பு. அப்படி என்ன வேலைன்னு கேளேன். சொன்னா சிரிப்பே. சாக்லேட் திங்கற வேலை.

சிரிச்சுட்டே பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. எங்க நாத்தனார், 'எங்க அண்ணன் பொண்டாட்டிக்கு முட்டாய் திங்கச் சம்பளம்'னு ஒறம்பரைக்காரங்ககிட்டயெல்லாம் சொல்லுவா. சொல்லட்டும். அவளை ஒரு நாள் கொண்டுபோய் அந்த மேசையில உக்கார வெச்சா மூணாவது துண்டுலயே எந்திரிச்சு ஓடிருவா.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள ஊடால கொக்கோ போட்டிருக்கறாங்க, பாத்திருப்பே. எங்க யமுனா மேடத்தோட அப்பா போட்டது. நான் அங்க காயை உடைச்சுக் கொட்டை எடுக்கற வேலைக்குப் போனவ. மேடம் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்து, நம்ம கொட்டையை எதுக்கு அடுத்தவனுக்கு விக்கணும், நாமளே சாக்லேட் பண்ணுவோம்னு ஆரம்பிச்சாங்க. கொட்டையைப் பெட்டியில போட்டு வாழையிலை மூடிப் புளிக்க வெப்பாங்க. ஒரு நாள் அதைத் தாண்டிப் போனவ, 'மேடம், இந்தப் பெட்டி நேத்தே ஆயிருச்சுங்க, இன்னிக்குக் காடியாட்டம் அடிக்குது'ன்னு போற போக்குல சொன்னேன். அவங்க பிரிச்சுப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. அடுத்த வாரமே என்னை மேசையில உக்கார வெச்சுட்டாங்க.

மேசைன்னா இப்படி. காலையில பத்து மணி. கதவு, ஜன்னல் சாத்திரணும். நாங்க நாலு பேரு. நான், மெஷின் ஓட்டற தனபாலு, பேக்கிங்கைப் பாத்துக்கற சுபைதா, போன வருஷம் புதுசா வந்த கோகிலவாணிங்கற புள்ளை. மேடம் மேசையில தின்னு பாக்கவும் மாட்டாங்க, மார்க் போடவும் மாட்டாங்க. தன் சரக்குக்குத் தானே மார்க் போடக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு கொள்கை, கடைசியில சீட்டை வாங்கிப் பாக்கறதோட சரி. வெள்ளைத் தட்டுல துண்டு துண்டா நம்பர் போட்டு வரும். பெல்ஜியத்துல இருந்து, பிரான்சுல இருந்து, இன்னும் எங்கெங்கேயோ இருந்து வாங்கின சாக்லேட்டு. ஒவ்வொண்ணும் கையகலக் கட்டிதான். அந்த விலைக்கு ரெண்டு கிலோ வெள்ளாட்டுக்கறி எடுக்கலாம். அதையெல்லாம் காகிதம் பிரிச்சு, உடைச்சு, நடுவுல எங்களுதையும் கலந்து வெச்சிருவாங்க. எது எவனுதுன்னு தெரியாம மார்க் போடணும்.

போட்டதும் மெல்லக் கூடாது. அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. முதல்ல உடைச்சு சத்தத்தைக் கேக்கணும், டக்குன்னு உடையணும். அப்புறம் நாக்கு மேல வெச்சு, மேலண்ணத்துல அமுக்கி, வாயை மூடிக்கிட்டு மூக்கு வழியா மூச்சு விடணும். சாக்லேட்டு நாக்குல இல்லை கண்ணு, மூச்சுல இருக்குது. முதல்ல ஒரு புளிப்பு வரும், அப்புறம் ஒண்ணு வரும், தொண்டைக்கிட்டப் போகும்போது இன்னொண்ணு வரும். அடுத்ததுக்குப் போகறதுக்கு முன்னால ரெண்டு பொரி, ஒரு மடக்கு சுடுதண்ணி. மேடம் முதல்ல ஏதோ பிஸ்கட்டு வாங்கி வெச்சிருந்தாங்க. உப்பில்லாத பொரியே போதுமுங்கன்னு நான்தான் சொன்னேன்.

நான் சொன்னதுதான் அங்க எல்லாமே. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் நாவல்பழம்னு சொல்லுவேன், வறுத்த பாசிப்பயிறுன்னு சொல்லுவேன், பனவெல்லம் காய்ச்சற பக்குவம்னு சொல்லுவேன். மேடம் அதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டு, மேல சுத்தற காகிதத்துல அச்சடிச்சுருவாங்க. எங்க சாக்லேட்டுல எந்தக் கட்டியை எடுத்தாலும் மேல இருக்கறது என் நாக்குதான். பெரிய பெரிய ஓட்டல்ல இருந்து வர்றவங்க, 'மயிலாத்தா யாரு, அவங்களைப் பாக்கணும்'னு கேட்டு வந்து கும்பிட்டுட்டுப் போயிருக்கறாங்க. கருவாட்டுக் குழம்பு வெச்சுத் திங்கவும் வழியில்லாம ஏழு வருஷம் அந்த நாக்கைக் காப்பாத்துனேன்.

ஆனி மாசம் காய்ச்சல் வந்துச்சு. பத்து நாள் படுத்துட்டேன். வெளிய மழையான மழை. பதினோராம் நாள் எந்திரிச்சு, வெறும் ரசஞ்சோறு போட்டு உக்காந்தேன். வாயில வெச்சா புளிக்குது, உறைக்குது. ரசம் இல்லை. உனக்குப் புரியுதா? புளிப்பு இருக்குது, காரம் இருக்குது, உப்பு இருக்குது, ரசம் மட்டும் இல்லை. காய்ச்சல் வாய், சரியாப் போயிரும்னு நினைச்சேன். ரெண்டு நாள்ல வேலைக்குப் போனேன்.

தட்டு வந்துச்சு. ஒண்ணாம் நம்பரை எடுத்து நாக்குல வெச்சேன். இனிக்குது. கசக்குது. மெழுகாட்டம் உருகுது. அப்புறம் மூச்சு விட்டேன். ஒண்ணுமே வரலை. ரெண்டாம் நம்பர். ஒண்ணும் வரலை. பொரியைத் தின்னேன், பொரிக்கும் பிரான்சு சாக்லேட்டுக்கும் இனிப்புதான் வித்தியாசம். சீட்டுல எதை எழுதறது? எதுத்தாப்புல எல்லாரும் பாதிக் கண்ணை மூடித் தின்னுட்டு இருக்கறாங்க. நான் மட்டும் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு முழிக்கறேன்.

அப்பத்தான் அந்தப் புள்ளை மூஞ்சியைப் பாத்தேன். கோகிலவாணிக்கு எல்லாமே மூஞ்சியிலதான். பிடிச்சா இடது புருவம் ஏறும். பிடிக்கலைன்னா உதடு ஒரு பக்கம் போகும். சரி, இன்னிக்கு ஒரு நாளைக்குன்னு அதைப் பாத்து மார்க் போட்டேன். புருவம் ஏறினா எட்டு, உதடு போனா நாலு. மேடம் சீட்டெல்லாம் வாங்கிப் பாத்துட்டு, 'காய்ச்சல்ல கிடந்தாலும் மயிலாத்தாக்கா நாக்கு நாக்குதான்'னாங்க. வெளிய போய் தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னு அழுதேன். சந்தோஷத்துலயா பயத்துலயான்னு எனக்கே தெரியலை.

இன்னிக்கு ஒரு நாளைக்குன்னு ஆரம்பிச்சது, அஞ்சு வாரம் ஓடிருச்சு. தினமும் ராத்திரி படுக்கும்போது நாளைக்கு வந்திரும்னு நினைப்பேன். எந்திரிச்சதும் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குல வெப்பேன். பெருங்காயமே தெரியலைன்னா பாத்துக்கோ. யாருகிட்டயும் சொல்லலை. சொன்னா என்ன ஆகும்? நாக்கு போன மயிலாத்தா யாரு? காய் உடைக்கறவ. ஐம்பத்திமூணு வயசுல மறுபடியும் மரத்தடியில கத்தியை வெச்சுக்கிட்டு உக்காரணுமா?

இப்ப வர்றேன் விஷயத்துக்கு. துபாயில ஒரு பெரிய ஓட்டல்காரங்க எங்க சாக்லேட்டைக் கேட்டாங்க. அவங்க வாங்கறதெல்லாம் உசந்த சரக்கு. ஒரு தடவைதான் வாங்கிப் பாப்பாங்க, நல்லா இல்லைன்னா ஆயுசுக்கும் கதவைத் திறக்க மாட்டாங்கன்னு மேடம் சொன்னாங்க. அதுக்குன்னு தனியா ஒரு சரக்கு போட்டு, பத்து நாளைக்கு முன்னால மேசைக்கு வந்துச்சு. ஏழு துண்டு. ஆறு வெளிநாட்டுது, ஒண்ணு நம்மளுது. ஏழாம் நம்பர் நம்மளுதுன்னு தொட்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. நம்மளுது ஒரு நூல் கனமா இருக்கும், கை சொல்லிரும்.

அன்னிக்குன்னு பாத்து அந்தப் புள்ளை குனிஞ்சுக்கிட்டா. மூஞ்சி தெரியலை. நான் கழுத்தை எக்கிப் பாக்கறேன், முடிதான் தெரியுது. சரி, நம்ம சரக்குதானேன்னு புருவத்தை ஏத்திக்கிட்டு ஒம்பது போட்டேன். தனபாலு ஒம்பது. சுபைதா ஒம்பது. மேடம் மூஞ்சி மலர்ந்துருச்சு. அப்புறம் கோகிலவாணி சீட்டைப் பிரிச்சாங்க. மூணு. பக்கத்துல 'புகை'ன்னு எழுதியிருந்தா.

மேடம் என்னைத்தான் பாத்தாங்க. 'என்னக்கா, புகைங்கறா?'

அந்தப் புள்ளை சொல்றது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? சரின்னா நான் தொலைஞ்சேன். நான் யாரையும் மிரட்டற ஆளு இல்லை கண்ணு, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு. பொறுமையாத்தான் கேட்டேன், காலையில என்ன தின்னுட்டு வந்தேன்னு. இட்லிங்கறா. சட்னியில வெங்காயம் போட்டியான்னேன். இல்லைக்கா, சக்கரை வெச்சுத்தான் தின்னேங்கறா. நேத்து தலைக்கு என்ன எண்ணெய் வெச்சேன்னேன். பஸ்ஸுல யாரு பக்கத்துல உக்காந்தான்னேன். வாயைக் கொப்பளிச்சியா, எத்தனை தடவைன்னேன். அவளுக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அப்பவும் மெதுவா, 'அக்கா, நிசமாவே ஏதோ எரிஞ்ச வாசம் வருதுக்கா, நீங்க இன்னொரு தடவை பாருங்களேன்'னா.

இன்னொரு தடவை பாருங்களேன்னு என்னைச் சொல்றா. ஏழு வருஷம் இருக்கறவளை. எனக்கு வந்துச்சு பாரு கோவம். எடுத்து வாயில போட்டேன், கண்ணை மூடினேன், ரொம்ப நேரம் வெச்சிருந்தேன். உள்ளுக்குள்ள சாமியெல்லாம் கும்பிட்டேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாசத்தைக் காட்டு தாயேன்னு. ஒண்ணும் இல்லை. கண்ணைத் திறந்து, 'எந்த அடுப்புல வெந்த மூக்கோ'ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் புள்ளை பேனாவை வாங்கி மூணை அடிச்சுட்டு எட்டுன்னு எழுதினா. அதுக்குப் பயம் ஜாஸ்தி.

அத்தோட விட்டிருக்கலாம். நான் விடலை. அவ அங்க இருந்தா நான் தினமும் செத்துப் பொழைக்கணும். மேடத்துக்கிட்டத் தனியாப் போய், புள்ளைக்கு நாக்கு இன்னும் பழகலை, ஆறு மாசம் பேக்கிங்ல இருக்கட்டும்னு சொன்னேன். மேடம் மறுபேச்சுப் பேசலை. அடுத்த நாள் அவ காகிதம் சுத்தப் போயிட்டா. போகும்போது, 'போயிட்டு வர்றேன் அக்கா'ன்னு சொல்லிட்டுத்தான் போனா.

அவளை அந்தப் பக்கம் தாட்டி விட்ட பின்னாடிதான் எனக்கு உறைச்சுது. இனி நான் யாரு மூஞ்சியைப் பாக்கறது? அடுத்த நாள் தட்டு வந்ததும் சுபைதாவைப் பாத்தேன். அவளும் என்னைப் பாக்கறா. நான் பாக்கறேன், அவ பாக்கறா. தனபாலும் என்னைத்தான் பாக்கறான். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை, இருமி வெச்சேன். மத்தியானம் சோறு திங்கும்போது சுபைதா சிரிச்சுக்கிட்டே சொல்றா: 'என்னக்கா இன்னிக்கு மூஞ்சியைக் கல்லாட்டம் வெச்சுக்கிட்டீங்க? நீங்க புருவத்தைத் தூக்கினா எட்டு, கண்ணைச் சுருக்கினா அஞ்சுன்னு நாங்க பாட்டுக்கு எழுதிட்டு இருந்தோம்.'

எத்தனை நாளாடின்னு கேட்டேன். 'வந்த நாள்ல இருந்தே'ன்னா. தனபாலும் தலையை ஆட்டறான். நீங்க சொன்னா தப்பாவாக்கா இருக்கப் போகுதுங்கறான்.

சோத்துல கையை வெச்சபடி உக்காந்துட்டேன். யோசிச்சுப் பாரு கண்ணு. அவங்க என் மூஞ்சியைப் பாத்து எழுதறாங்க. நான் அந்தப் புள்ளை மூஞ்சியைப் பாத்து எழுதறேன். அப்ப அஞ்சு வாரமா அந்தக் கம்பெனியே ஒரே ஒரு நாக்குலதான் ஓடியிருக்குது. அந்த நாக்கைக் காகிதம் சுத்த அனுப்பிட்டு, நான் மேசையில உக்காந்திருக்கறேன். அந்த ஒம்பது, ஒம்பது, ஒம்பது மூணுமே நான் கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட்ட ஒம்பது.

அப்பவாவது போய்ச் சொன்னேனான்னு கேக்கறியா? சொல்லலை. அந்தப் புள்ளைக்கும் ஒருநாள் தப்பு வராதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். சின்னப் புள்ளைதானே.

நேத்துக் காலையில பால் வெச்சுட்டு வெளிய மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். திரும்பி வந்தா பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கிடக்குது. சரி, மறுபடி பத்த வெப்போம்னு லைட்டரை எடுத்தேன். எங்கூட்டுக்காரர் வாசல் கேட்டுக்கிட்ட இருந்து கத்துனாரு பாரு, முப்பது வருஷத்துல அவரு அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஓடி வந்து என் கையில அடிச்சாரு. லைட்டர் போய் மூலையில விழுந்துச்சு. ஓடிப்போய் சிலிண்டரை மூடினாரு, ஜன்னல், கதவெல்லாம் திறந்து விட்டாரு. வீடு முழுக்க கேஸாம். வாசல் வரைக்கும் நாறுதாம். நான் அதுக்கு நடுவுல லைட்டரை வெச்சுக்கிட்டு நின்னிருக்கறேன்.

'உனக்கு வாடை தெரியலையா?'ன்னாரு.

அவருகிட்ட என்னால பொய் சொல்ல முடியலை. காய்ச்சல்ல இருந்தே தெரியலீங்கன்னு சொன்னேன். திட்டுவாருன்னு பாத்தா, அப்படியே சுவத்தோட சாஞ்சு உக்காந்துட்டாரு. என்ன பண்ணுதுன்னு கேட்டேன். அதுக்குப் பதிலா என்னையே கேட்டாரு.

'அப்ப அந்தத் துபாய்ச் சரக்கு நல்லா இருக்குதுன்னு எப்படிச் சொன்னே?'

அவரு அந்தத் தோப்புல கொட்டை காய வெக்கற களத்தைப் பாத்துக்கறாரு, அதைச் சொல்ல மறந்துட்டேன். நான் படுத்துக்கிடந்தேன்ல, அந்தப் பத்து நாளும் மழை ஓயலை. கொக்கோக் கொட்டை வெயில்லதான் காயணும். இவரு பாத்தாரு, கொட்டை பூசணம் பூத்திரும் போல இருக்குது. பக்கத்துல கொப்பரை உலத்தற ஷெட்டு சும்மா கிடக்குது. தேங்காய்த் தொட்டி, அதான் சிரட்டை, அதையும் மட்டையும் போட்டுத் தீ மூட்டி, மூணு நாள் அதுல காய வெச்சுட்டாரு. தேங்காய்க்கு ஆண்டாண்டுகாலமாப் பண்றதுதானே, கொப்பரைக்கு ஒண்ணும் ஆகறதில்லையேன்னு நினைச்சிருக்கறாரு. அப்புறம் ஒரு பயம் வந்திருக்குது. ஆனா மேசையில நீ இருக்கறயே, கெட்டுப் போயிருந்தா நீ சொல்லிருவேன்னு நிம்மதியா இருந்தேங்கறாரு. நீ ஒம்பது போட்டேன்னு கேள்விப்பட்டதும் மாரியம்மன் கோயில்ல சூடம் ஏத்தினேங்கறாரு. அந்த மூணு நாளும் அவரு வேட்டி, சட்டையெல்லாம் புகை நாத்தத்தோடதான் வீட்டுக்கு வந்திருக்கறாரு. பக்கத்துலதான் படுத்திருந்தேன்.

மேசையில மிஞ்சினதுல ஏழாம் நம்பர் ரெண்டு துண்டும் பெல்ஜியம் ஒண்ணும் என் பையில இருந்துச்சு. ஏழாம் நம்பர்ல ஒண்ணைத் தின்னு பாருங்கன்னு குடுத்தேன். அவரு இருபது வருஷமாப் புகையிலை போடற வாயி. சப்பிச் சப்பிப் பாத்துட்டு, 'இனிப்பா இருக்குது'ன்னாரு. ரெண்டு பேரும் அடுப்படியிலயே உக்காந்திருந்தோம். பக்கத்து வீட்டுல குடுத்துக் கேக்கலாம்னா, பொழுது சாயறதுக்குள்ள ஊர் முழுக்கப் போயிரும். யாருகிட்டயும் வாயைத் திறக்காதேன்னு அவரு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு.

இன்னிக்கு மேடத்துக்கிட்ட ஒறம்பரை வீட்டுல வளைகாப்புன்னு லீவு சொல்லிட்டு, கோயமுத்தூருல காது மூக்கு டாக்டரைப் பாக்கப் போறேன். வளைகாப்புன்னா பூ வெக்கணுமில்ல, அதுக்கும் ஆச்சு. பன்னெண்டு மணிக்குத் துபாய்ச் சரக்கு வண்டி கிளம்புது. இப்ப மணி என்ன? பத்தே முக்காலா. ஒத்தக்கால்மண்டபம் வந்திருச்சா.

கண்ணு, ஒரு உதவி பண்ணுவியா? நீ யாரோ நான் யாரோ. உக்கடத்துல இறங்கினா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதனாலதான் உன்கிட்ட இவ்வளவும் சொன்னேன். இந்தப் பொட்டலத்துல ரெண்டு துண்டு இருக்குது. ஒண்ணு பெல்ஜியம், ஒண்ணு அது. எது எதுன்னு உனக்குச் சொல்ல மாட்டேன். பாத்தா ரெண்டும் ஒண்ணாட்டம்தான் இருக்கும், தொட்டா எனக்கு மட்டும் தெரியும். இந்தா, முதல்ல தண்ணி. நல்லாக் கொப்பளிச்சு ஜன்னல் வழியாத் துப்பு. ரெண்டு பொரி தின்னு. பொரி இல்லாம நான் எங்கயும் போறதில்லை. இந்தா, இது முதல் துண்டு. மெல்லாதே. மேலண்ணத்துல அமுக்கு. மூக்கு வழியா மூச்சு விடு.

இரு, இரு. என் மூஞ்சியைப் பாக்காதே. ஜன்னல் பக்கம் திரும்பிக்கோ. நானும் உன் மூஞ்சியைப் பாக்கலை.

என்ன தெரியுது? ஏதோ பழமா. கொடிமுந்திரியாட்டமா. நல்லா இருக்குதா. சரி. தண்ணி குடி. பொரி தின்னு. அவசரம் இல்லை. நீ நிதானமா இரு. இந்தா, ரெண்டாவது.

...

என்ன கண்ணு, தண்ணிக்குக் கையை நீட்டறே?

பயப்படாமச் சொல்லு.

இஸ்திரிப்பெட்டியா? என்ன இஸ்திரிப்பெட்டி? ஓ, உங்க தெருவுல வண்டியில வெச்சுத் துணி தேய்க்கறவர், தேங்காய்த் தொட்டிக்கரி போட்ட பெட்டி. அந்த வாடையா. தொண்டையில நிக்குதா.

நீ காலையில என்ன தின்னே? தோசையா? சாம்பார்ல வெங்காயம் இருந்திருக்கும், அதுவா இருக்கும். இல்லை, என் தலைப்பூ வாடை பட்டிருக்கும், இந்த டீசல் வேற, நீ சரியாக் கொப்பளிச்சியா, எத்தனை தடவை கொப்பளிச்சே...

ஐயோ.

இதேதான் கண்ணு. இதே வார்த்தையைத்தான் அந்தப் புள்ளைகிட்டயும் சொன்னேன். ஒண்ணு விடாம. நீ எதுக்கு இப்படி முழிக்கறே, உன் மேல ஒரு தப்பும் இல்லை. நீ சொன்னது சரிதான். அவ சொன்னதும் சரிதான். மூணு மார்க்கே ஜாஸ்தி.

போனை எடுத்துக் குடு, இந்தப் பையில அடியில இருக்கும். மேடம்னு இருக்கும் பாரு, பச்சையை அமுக்கு. ரிங் போகுதா. என் கையைச் சித்தெ புடிச்சுக்கோ.

மேடம், மயிலாத்தா பேசறேனுங்க. வளைகாப்புல இல்லீங்க, பஸ்ஸுல இருக்கறேன். வண்டியை அனுப்பாதீங்க. அந்த ஏழாம் நம்பர்ல புகை இருக்குதுங்க. இல்லீங்க, எனக்குத் தெரியலீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க மேடம், ரெண்டு மாசமா எனக்கு வாடையே தெரியலை. கோகிலவாணியைக் கூப்பிட்டு உக்கார வெச்சுத் தின்னு பாக்கச் சொல்லுங்க. தனியா உக்கார வெய்யுங்க. பக்கத்துல யாரும் வேண்டாம். அவ என்ன எழுதறாளோ அதுதானுங்க.

...

வெச்சுட்டாங்க. திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை. வண்டியில ஏத்தினதையெல்லாம் இறக்கச் சொல்லி யாரையோ கூப்பிட்டாங்க, காதுல விழுந்துச்சு. அப்புறம் கொட்டையை யாரு காய வெச்சதுன்னு கேட்டாங்க. மழைதானுங்க மேடம்னு சொன்னேன். அது பொய்யில்லையே கண்ணு? மழை பெய்யலைன்னா அவரு ஏன் அங்க கொண்டுபோறாரு? எங்கூட்டுக்காரர் பேரு மட்டும் என் வாயில வரலை. அதையும் சாயங்காலம் போய்ச் சொல்லணும். சொல்லுவேன்.

கோகிலவாணிக்கு நானே கூப்பிடணும். அவ நம்பர் என்கிட்ட இல்லை. ஒரு வருஷம் எதுத்தாப்புல உக்காந்து அவ மூஞ்சியையே பாத்திருக்கறேன், நம்பர் வாங்கலை.

இந்தப் பூவை நீ வெச்சுக்கறியா? உனக்காவது மணக்குது. ஈச்சனாரி வந்திருச்சா? கையை விட்டுராதே, எனக்கு நெம்பப் பயமா இருக்குது. டாக்டர் என்ன சொல்லப் போறாரோ. இனி வராதுன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவேன்? சரி, அது கிடக்கட்டும். உக்கடம் வர்ற வரைக்கும் என்னென்ன வாடை அடிக்குதுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லிக்கிட்டே வா. நான் கேட்டுக்கறேன்.